முதல் நட்டைக் கழற்றுவதற்கு முன்

கொட்டகைக்குள் அப்பாவின் டிராக்டர் நின்று 11 வருடம் ஆகிறது. மாஸி ஃபெர்குசன் 35, மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். பானெட் சிவப்பு, உடம்பு சாம்பல் நிறம். தூசி படிந்து இப்போது இரண்டும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. போன மாதம் தம்பி வந்திருந்தபோது கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், "அக்கா, இதை நாமளே சரி பண்ணுவோம். பசங்களையும் சேர்த்துக்கலாம்" என்றான்.

சொன்ன மாத்திரத்தில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. தம்பி மகனுக்கு 16 வயது, என் மகளுக்கு 12. அந்த டிராக்டர் ஓடி இரண்டு பேருமே பார்த்த நினைவில்லை. அப்பாவுக்கு 76. கேட்டதும் எழுந்துபோய் டூல்ஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா மட்டும் பேசவில்லை. ராத்திரி எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தில் என்னிடம் கேட்டார்: "கழட்டுறதை யாரு வேணா கழட்டுவாங்க. திரும்ப மாட்டுறது யாரு?"

அம்மா எதை நினைத்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பிரித்தார்கள். ஒரே விடுமுறையில் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டாயிற்று. நட்டுகள் ஒரு தகர டப்பாவில், எஞ்சின் ஒரு பழைய தொட்டியில், மற்றதெல்லாம் மூன்று சாக்கில். விடுமுறை முடிந்தது, பெரியப்பாவுக்கு வேலை மாற்றல் வந்தது. அடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மூன்று சாக்குகளும் இருபது வருடம் எங்களோடு இருந்தன. சாக்கு நைந்து கிழிந்தபோது அம்மா வேறு சாக்குக்கு மாற்றிக் கட்டினார். கடைசியில் எடைக்குப் போட்டோம். வண்டி ஓடாமல் போயிருந்தாலும் வண்டியாகவே நின்றிருந்தால் ஆசைப்பட்ட யாராவது வாங்கிப்போய் ஓட்டியிருப்பார்கள். சாக்கில் இருந்ததை யார் வாங்குவார்கள்?

அதனால் மறுநாள் காலையில் நான் ஒரு நிபந்தனை போட்டேன். சரி பண்ணுகிறோமா இல்லையா என்று முடிவெடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வோம். அந்த நான்கு வாரமும் பார்ப்பது, தொடுவது, எழுதிவைப்பது மட்டும்தான். திரும்ப மாட்ட முடியாதபடி எதையும் பிரிக்கக்கூடாது. தம்பிக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டான்.

பிரிக்காமலே இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது எனக்கு அந்த நான்கு வாரத்தில்தான் புரிந்தது.

எந்த டிராக்டர் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அதிகம் விற்காத கம்பெனியின் வண்டியாக இருந்தால் ஒரு வாட்டர் பம்பு கெட்டாலே வேலை அத்தோடு நின்றுவிடும். 35 அப்படிப்பட்டது இல்லை. இதற்கு முந்தைய ஃபெர்குசன் டிஇ20, 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. அந்த வழியில் வந்தது 35. இதில் முதலில் வந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிர்ந்த காலைகளில் கிளம்ப அடம்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது. 1959இல் மாஸி ஃபெர்குசன் பெர்க்கின்ஸ் கம்பெனியையே வாங்கியது. அதையொட்டி இந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் 35க்குள் வந்தது. 1964இல் இங்கிலாந்தில் 35 நின்று அடுத்த மாடலான 135 வந்தபோதும் அதே குடும்பத்து எஞ்சின்தான் தொடர்ந்தது. அதனால் பிஸ்டன், ரிங், லைனர், கேஸ்கட், கிளட்ச் பிளேட் எல்லாம் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கின்றன. நம்முடையது பெர்க்கின்ஸ்தானா என்பதை, சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைப் பீய்ச்சும் மூன்று இன்ஜெக்டர்களை எண்ணிப் பார்த்தே உறுதி செய்துகொண்டோம்.

அப்பா பேரனைப் பின்பக்கம் கூட்டிப்போய், கலப்பையை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பைக் காட்டினார். கம்பெனியின் பெயரில் இருக்கும் ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்தது அது. அதற்கு முன்பெல்லாம் கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டினால் பின்சக்கரம் நிற்கும், முன்பக்கம் தூக்கும், வண்டி ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும். இந்த இணைப்பில் கலப்பைக்கு எதிர்ப்பு கூடும்போது மேல்கம்பி வண்டியை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் முன்சக்கரம் தரையோடு அழுந்தும். அதே தள்ளல் ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி ஹைட்ராலிக்கைத் திறந்து கலப்பையைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்ளும். அப்பா சீட்டுக்குக் கீழே இருக்கும் அந்த ஸ்பிரிங்கைக் காட்டி, "இதுதான் இதோட காது. மண்ணு சொல்றதைக் கேட்டுக்கும்" என்றார். பையன் போனை எடுத்து வைத்துவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தான்.

அடுத்தது எஞ்சின். மற்ற எல்லாவற்றையும் விட இதைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

கொட்டகைக் கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது நேராக சைலன்சர் குழாய்க்கு மேலே இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தோம். செங்குத்தாக நிற்கும் சைலன்சருக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால், எஞ்சின் நின்ற நிலையில் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கிறதோ அந்த சிலிண்டருக்குள் போய்ச் சேரும். அங்கே பிஸ்டனின் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் துருவில் ஒட்டிக்கொள்ளும். பழைய டிராக்டர் எஞ்சின்கள் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் எங்கள் குழாயின் வாயில் ஒரு தகர டப்பா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டிருந்தது.

தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, நிறுத்தும்போதே டப்பா வெச்சீங்களா!"

அப்பா டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நான் வெச்சது இது இல்லையே. நான் வெச்சது நீல டப்பா."

வாசலில் நின்றிருந்த அம்மா, "அது அப்பவே துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. இது மூணாவது" என்றார்.

யாருக்கும் பேச்சு வரவில்லை. கதவைத் திறக்காமலே பூட்டி வைத்திருக்கிறோம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்க பேட்டரி வைத்து செல்ஃப் அடிக்கக்கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டின் முன்முனை நட்டில் பெரிய சாக்கெட் மாட்டி, நீளமான கம்பியால் கையால்தான் திருப்ப வேண்டும். தம்பி இழுத்தான், அசையவில்லை. குழாய் ஒன்றைச் சொருகி நீளத்தைக் கூட்டப் போனான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அசையலைன்னா விட்டுடு. அது வேணாம்னு சொல்லுது."

இந்த இடத்தில் மட்டும் எங்கள் விதியைத் தளர்த்தினோம், மூன்று இன்ஜெக்டர்களுக்காக. கழற்றுவதற்கு முன் சுற்றிலும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். இல்லாவிட்டால் இன்ஜெக்டர் வெளியே வரும்போது அழுக்கு உள்ளே விழும். தம்பி கொண்டுவந்த ஸ்பேனர் செட் முழுக்க மில்லிமீட்டர் அளவு. ஒரு நட்டில் 14 ஏறவே இல்லை, 15 ஏறி ஆடியது. அப்படி ஆடும் ஸ்பேனரால்தான் பழைய வண்டிகளின் நட்டு முனைகளெல்லாம் மழுங்கிப்போகின்றன. அப்பா பெட்டியைப் பார்க்காமலே கையை விட்டு ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். "ஒம்பது பதினாறு. இந்த வண்டி இஞ்சுல பேசுற வண்டி." கச்சிதமாக உட்கார்ந்தது. என் மகள் அன்று ஒரு நோட்டு போட்டாள். எந்த நட்டு, எந்த ஸ்பேனர், எந்தப் பக்கம் திரும்பும் என்று படம் வரைந்து எழுதுகிறாள். அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறாள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் அந்த அளவுகள் எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை, அவர் கையில்தான் இருக்கின்றன.

முதல், மூன்றாவது இன்ஜெக்டர் வந்துவிட்டன. நடுவில் இருந்தது ஒரு வாரம் எண்ணெயில் ஊறி அப்புறம்தான் வந்தது. டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து மூன்று துளையிலும் ஊற்றி, துணியால் மூடி வைத்தோம்.

மூன்றாவது ஞாயிறு. அதே கம்பி, அதே சாக்கெட். இந்தத் தடவை தம்பி மகன் பிடித்தான். அப்பா ஃபேன் இறக்கையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் "இரு" என்றார் அப்பா. எங்கள் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. "பின்னாடி தள்ளு… இப்ப முன்னாடி… மெதுவா." கம்பி இரண்டு விரற்கடை நகர்ந்தது. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி, நகர்வு ஒரு சாண் ஆயிற்று. அப்புறம் ஒரு கர்ர் சத்தத்தோடு முழுச் சுற்று சுற்றியது. இன்ஜெக்டர் துளையில் போட்டிருந்த துணி கறுப்பாக நனைந்து மேலே எழும்பியது. இந்த நேரத்தில் யாரும் துளைக்கு நேராக முகத்தை வைத்திருக்கக்கூடாது. இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டுச் சுற்றவும் கூடாது. உள்ளே தேங்கிய எண்ணெயை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எஞ்சின் சுற்றியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. சுற்றுவது வேறு, ஓடுவது வேறு. சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம், அதாவது கம்ப்ரஷன், எவ்வளவு இருக்கிறது என்று இன்னும் தெரியாது. வால்வுகளுக்கு மேலே இருக்கும் ராக்கர் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு எக்ஸாஸ்ட் வால்வு சோம்பலாகத் திரும்பி வந்தது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லா வால்வும் ஒரு தடவை திறந்து மூட கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்றும் சுற்றிப் பார்த்துவிட்டோம். மற்ற ஐந்தும் நன்றாக இருக்கின்றன.

மற்றவற்றில் பெரிய பயமில்லை. கியர் பெட்டி, ஹைட்ராலிக், பின் அச்சு மூன்றுக்கும் இந்த வண்டியில் ஒரே எண்ணெய், சுமார் 30 லிட்டர். கியர் கம்பியின் ரப்பர் கிழிந்து அது வழியாக ஈரம் இறங்கியிருக்கிறது. அடிநட்டை ஒரு சுற்றுத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர் வந்தது, அப்புறம் பால் கலந்த மாதிரி எண்ணெய். காந்தத்தை அதில் விட்டுப் பார்த்தோம். கறுப்பாக மை போல ஒட்டியது, இரும்புத் துண்டு எதுவும் இல்லை. பல் உடைந்திருந்தால் துண்டு வந்திருக்கும். டீசல் டேங்க் உள்ளே துரு, அடியில் கொழகொழவென்று கசடு. ஒயரிங் முழுவதையும் எலி தின்றிருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் எலிக்கூடு. முன்டயர் இரண்டும் வெடித்துவிட்டன, மாற்றத்தான் வேண்டும். டீசல் பம்பை வீட்டில் திறக்கப்போவதில்லை. அதற்குள் இருக்கும் இடைவெளிகளுக்கு எங்கள் கொட்டகைத் தூசியே எதிரி.

பணம் பற்றித் தம்பியே உட்கார்ந்து கணக்குப் போட்டான். முழுதாகப் புதுப்பிக்க ஆகிற செலவில், ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிராக்டர் ஒன்றையே வாங்கிவிடலாம். அதை மறைக்காமல் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினான். எனக்கு அவன் மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

பெயின்ட் விஷயத்தில்தான் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, சிவப்பும் சாம்பலுமாகப் பளபளவென்று ஆக்க வேண்டும் என்பது அவன் ஆசை. எனக்கு மனம் ஒப்பவில்லை. இடது மட்கார்டில் கையகலத்துக்கு அப்பா வைத்த வெல்டிங் ஒட்டு இருக்கிறது. கிளட்ச் பெடலில் அவர் செருப்புத் தேய்ந்து தேய்ந்து இரும்பு வெள்ளி மாதிரி மின்னுகிறது. ஸ்டீயரிங்கில் அவர் வலது கை பிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கிறது. சுரண்டிப் புது பெயின்ட் அடித்தால் அது வேறு யாருடைய டிராக்டராகவும் இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், பிரேக், கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உப்புத்தாள் தேய்க்கவும், காற்றடித்துத் தூசி கிளப்பவும் நான் விடமாட்டேன். பிரேக் டிரம்மைத் திறக்கும் நாளில் ஈரத்துணியும் தகுந்த மாஸ்க்கும் போட்டு நாங்கள் பெரியவர்கள் மட்டும்தான் இருப்போம். கடைசியில், துருவை நிறுத்தி எண்ணெய் பூசி இப்போதுள்ள தோற்றத்திலேயே வைப்பது என்று தம்பி இறங்கிவந்தான். முழு மனதாக வந்தான் என்று சொல்ல மாட்டேன்.

அப்பாவோடும் ஒரு வாக்குவாதம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இதற்குக் கிடையாது. சீட்டு, அதற்கு மேலே வானம், அவ்வளவுதான். இந்த மாடலுக்கென்றே வடிவமைத்துச் சோதித்த சட்டமும் பெல்ட்டும் மாட்டாமல் பிள்ளைகள் ஓட்டக்கூடாது என்றேன். கொட்டகையில் நாமே வெல்டிங் வைத்துச் செய்கிற சட்டமும் வேண்டாம் என்றேன். "நான் முப்பது வருஷம் இப்படியேதான் ஓட்டினேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, வரப்பு ஏறும்போது மல்லாந்த ஒரு டிராக்டரைப் பற்றியும், அதன் அடியிலிருந்து தூக்கிய தன் கூட்டாளியைப் பற்றியும் பேரனிடம் சொன்னார். அந்தக் கதையை நான் அதுவரை கேட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டு, "மாட்டிடுங்க" என்றார்.

பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டைக் காட்டி, இது நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் என்றார் அப்பா. என் மகள் வகுத்துப் பார்த்துவிட்டு, "அப்படின்னா செகண்டுக்கு ஒன்பது, தாத்தா" என்றாள். சட்டை நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது என்று அவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காவது ஞாயிறு அம்மாவின் கேள்விக்குத்தான். காலண்டரை எடுத்து, நான்கு வாரத்தில் யார் எத்தனை நாள் வந்தோம் என்று பார்த்தோம். அப்பா, நான், அம்மா நான்கு நாளும். பிள்ளைகள் மூன்று மூன்று நாள். தம்பி இரண்டு. அவன் தலை குனிந்துகொண்டான். வேலை அப்படி, அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதம் இரண்டு நாள் வரக்கூடிய ஒருவனை நம்பி டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிளக்க முடியாது. இந்த வண்டியில் கிளட்ச் மாற்றவே எஞ்சினையும் கியர் பெட்டியையும் தனித்தனியாகப் பிரித்து நிறுத்த வேண்டும்.

அதனால் முடிவு இப்படி. சரி பண்ணுகிறோம். ஆனால் மொத்தமாகப் பிரித்து அல்ல. ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஒவ்வொரு வேலை முடியும்போதும் டிராக்டர் டிராக்டராக நிற்க வேண்டும். முதலில் கூரை ஓட்டை. அடுத்து டீசல் டேங்க், ஃபில்டர், பம்பு, எண்ணெய் மாற்றுவது, இன்ஜெக்டர் சோதனை. ஓடிவிட்டால் பிரேக். எஞ்சினைத் திறக்க வேண்டிவந்தால் அதற்குத் தம்பி பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வரவேண்டும், அது வரைக்கும் தொடக்கூடாது. பிளாக்கில் விரிசல் மாதிரி நம்மால் முடியாத ஒன்று தெரிந்தால், எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, முழு வண்டியாக ஆசையுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது அப்பாதான். மகள் எல்லாவற்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினாள், எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். "சாக்கு கூடாது" என்று அம்மா தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

வரும் ஞாயிறு கூரைக்குத் தகடு. இப்போதைக்கு இன்ஜெக்டர் துளைகளை மூடி, டப்பாவைத் திரும்ப சைலன்சரில் கவிழ்த்துக் கட்டியாயிற்று. எஞ்சின் ஓடுகிற அன்றைக்கு அதை எடுக்கப்போவது தான்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.